எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ், ஆண்ட்ராய்டு குரோம்: புக்மார்க்குகளை ஒரே பட்டியலாக்க வழி?

#1 | தென்றல்77

அலுவலக லேப்டாப்பில் விண்டோஸ், எட்ஜ். வீட்டில் லினக்ஸ், ஃபயர்ஃபாக்ஸ். போனில் ஆண்ட்ராய்டு குரோம். மூன்றிலும் புக்மார்க்குகள் தனித்தனியாகச் சேர்ந்து கிடக்கின்றன. மொத்தம் இரண்டாயிரத்துக்கு மேல் இருக்கும், அதில் நிறைய இரட்டை. எட்ஜிலிருந்து எச்டிஎம்எல் ஃபைலாக எடுத்து ஃபயர்ஃபாக்ஸில் போட்டால், இருப்பதோடு சேராமல் தனியாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. இன்னொரு தடவை போட்டால் இன்னொரு பிரதி. எல்லாம் ஒரே பட்டியலாக வேண்டும். ஒன்றில் சேர்த்தால் மற்ற இரண்டிலும் வர வேண்டும். எங்கே தொடங்குவது?

#2 | கட்டளைவரி

நீங்கள் கேட்பது இரண்டு வேறு வேலை. ஒரு முறை இடம் மாற்றுவது ஒன்று, தொடர்ந்து சிங்க் செய்வது இன்னொன்று. முதல் வேலையை முழுதாக முடிக்காமல் இரண்டாவதைத் தொட்டால், இரட்டைப் புக்மார்க்குகள் மூன்று சாதனத்துக்கும் பரவும். பிறகு எதை எங்கே அழிப்பது என்றே தெரியாது.

பிரதி ஏன் கூடுகிறது என்றால், அந்த எச்டிஎம்எல் ஃபைல் நெட்ஸ்கேப் என்ற பழைய பிரவுசர் காலத்து வடிவம். இப்போதும் அதன் முதல் வரியில் நெட்ஸ்கேப் பெயர் இருக்கும், நோட்பேடில் திறந்து பாருங்கள். பெயர், முகவரி, ஃபோல்டர் அடுக்கு, சேர்த்த தேதி, சின்ன ஐகான் போன்றவைதான் அதில் போகும். ஒவ்வொரு புக்மார்க்குக்கும் பிரவுசர் உள்ளே வைத்திருக்கும் அடையாள எண் போகாது. அதனால் வாங்குகிற பிரவுசருக்கு 'இது என்னிடம் ஏற்கெனவே இருப்பது' என்று தெரிய வழியில்லை. வந்ததையெல்லாம் புதிதாகவே சேர்க்கும்.

குரோமில் ஒரு நுணுக்கம்: புக்மார்க் பார் காலியாக இருந்தால் இம்போர்ட் நேராக அந்தப் பாரிலேயே விழும். ஒன்றே ஒன்று இருந்தாலும் 'இம்போர்ட்டட்' என்று தனி ஃபோல்டர் போட்டுவிடும். அடுக்கு கெடாமல் போய்ச் சேர வேண்டுமென்றால், போகிற இடத்தை முதலில் காலி செய்துவிட்டு இம்போர்ட் செய்யுங்கள்.

#3 | முனையம்

வரிசை இப்படி இருக்கட்டும்:

முதலில் கணினிகள் இரண்டிலும் சிங்க்கை அணையுங்கள். அணைக்கும்போது 'இந்தச் சாதனத்தில் உள்ளதையும் அழிக்கவா' என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பிறகு எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ் இரண்டிலும் கன்ட்ரோல் + ஷிஃப்ட் + ஓ அழுத்தி எச்டிஎம்எல் பிரதி எடுங்கள். ஃபைல் பெயரிலேயே பிரவுசரும் தேதியும் இருக்கட்டும். பென்டிரைவில் ஒரு நகல் போகட்டும்.

போனில்தான் சிக்கல். ஆண்ட்ராய்டு குரோமில் எச்டிஎம்எல் ஃபைலை உள்ளே போடவும் முடியாது, வெளியே எடுக்கவும் முடியாது. அதில் இருப்பது கூகுள் கணக்கு வழியாகத்தான் வெளிவரும். ஆகவே போனில் மட்டும் சிங்க்கை இப்போதைக்கு விட்டுவைத்து, கூகுள் டேக்அவுட்டில் (கூகுளிடம் உள்ள உங்கள் தரவை இறக்கிக்கொள்ளும் பக்கம்) மற்ற எல்லாவற்றின் டிக்கையும் எடுத்துவிட்டு, குரோமை மட்டும் தேர்ந்தெடுங்கள். வரும் ஜிப்பில் புக்மார்க்ஸ் என்ற எச்டிஎம்எல் ஃபைல் இருக்கும்.

மூன்று ஃபைலையும் ஒரே பிரவுசரில் போட்டுச் சுத்தம் செய்யுங்கள். அதற்கு ஃபயர்ஃபாக்ஸ்தான் என் தேர்வு. அதன் லைப்ரரி சாளரத்தில் முகவரிவாரியாக வரிசைப்படுத்தலாம், தவறாக அழித்தால் கன்ட்ரோல் + இசட் போதும். சுத்தமானதும் அந்த ஒரு பட்டியலை மட்டும் மற்றவற்றுக்கு அனுப்புங்கள்.

#4 | பூச்சியம்

எட்ஜில் இன்னொன்றையும் பாருங்க. செட்டிங்ஸ், புரொஃபைல், இம்போர்ட் பிரவுசர் டேட்டா. அங்கே 'ஒவ்வொரு முறை திறக்கும்போதும் இன்னொரு பிரவுசரிலிருந்து எடுத்துக்கொள்' என்கிற மாதிரி ஒரு ஸ்விட்ச் இருக்கும். அதே லேப்டாப்பில் குரோமும் இருந்து இது ஆன் ஆகியிருந்தா, நீங்க சுத்தம் பண்ண பண்ண அது திரும்பக் கொட்டிக்கிட்டே இருக்கும். பலருக்கு இரட்டை வரக் காரணம் சிங்க்கே இல்ல, இதுதான்.

#5 | தென்றல்77

நன்றி. எட்ஜில் அந்த ஸ்விட்ச் ஆன் நிலையில்தான் இருந்தது, அணைத்துவிட்டேன். சுத்தம் செய்தபின் சிங்க்குக்கு என்ன வழி? மூன்றும் மூன்று நிறுவனத்தின் பிரவுசர். ஃப்ளாக்கஸ் என்ற சிங்க் நீட்சியை (எக்ஸ்டென்ஷன்) சொல்கிறார்கள், அதை எட்ஜ் சிங்க்குடன் சேர்த்து ஓடவிடலாமா?

#6 | கட்டளைவரி

சேர்த்து ஓடவிடக் கூடாது. இந்த இழையில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள்.

ஒரு புக்மார்க் பட்டியலுக்கு ஒரு சிங்க் மட்டுமே இருக்க வேண்டும். இரண்டு இருந்தால் நடப்பது இது. வீட்டுக் கணினியில் ஒரு புக்மார்க்கை வேறு ஃபோல்டருக்கு நகர்த்துகிறீர்கள். சிங்க் 'அ' அதை 'நகர்ந்தது' என்று அனுப்புகிறது. சிங்க் 'ஆ' தன் கணக்கில் 'பழைய இடத்தில் அழிந்தது, புதிய இடத்தில் ஒன்று பிறந்தது' என்று அனுப்புகிறது. அலுவலகக் கணினியில் இரண்டும் வந்து சேரும்போது, 'அ' ஏற்கெனவே நகர்த்திவிட்டது, 'ஆ' இன்னொன்றைப் புதிதாகப் போடுகிறது. இப்போது அங்கே இரண்டு. அந்தக் கூடுதல் ஒன்றை 'அ' பார்த்து, 'புதிது வந்திருக்கிறது' என்று வீட்டுக்குத் திருப்பி அனுப்புகிறது. யாரும் தொடாமலே பட்டியல் பெருகும். ஃபோல்டருக்குள் அதே பெயரில் ஃபோல்டர், அதற்குள் அதே பெயரில் ஃபோல்டர் என்று போனால் இதுதான் நோய்.

விண்டோஸில் ஐகிளவுட் நிறுவி, சஃபாரி புக்மார்க்குக்காக அதன் நீட்சியைக் குரோமில் போட்டிருப்பவர்களுக்கும் இதே நிலைதான். குரோம் சிங்க்கில் புக்மார்க் டிக்கை எடுத்துவிட்டு ஐகிளவுட்டை வைத்துக்கொள்ளுங்கள், அல்லது மறுதலையாக. கடவுச்சொல், ஹிஸ்டரி எல்லாம் குரோம் சிங்க்கிலேயே ஓடட்டும், தொந்தரவில்லை.

#7 | முனையம்

தென்றல், உங்கள் முன் இருக்கும் வழி இரண்டுதான்.

எளியது: மூன்று சாதனத்திலும் ஒரே பிரவுசர். ஃபயர்ஃபாக்ஸ் மூன்றிலும் ஓடும், எட்ஜும் லினக்ஸ், ஆண்ட்ராய்டு இரண்டிலும் உண்டு. சொந்த சிங்க் என்பதால் புக்மார்க்கின் அடையாள எண், வரிசை, நகர்த்தல் எல்லாம் சரியாகப் போகும். பிரவுசரை மாற்ற மனமிருந்தால் இதற்கு மேல் யோசிக்கவே வேண்டாம்.

மாற்ற முடியாதென்றால் ஃப்ளாக்கஸ். திறமூலம். உங்கள் நெக்ஸ்ட்கிளவுட் (சொந்தமாக நடத்தும் கிளவுட்), வெப்டாவ் சர்வர் (நெட் வழி ஃபைல் சேமிப்பு), கூகுள் டிரைவ், கிட் என்று எதில் வேண்டுமானாலும் பட்டியலை வைக்கலாம். எட்ஜிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் நீட்சியாகப் போட்டு, இரண்டையும் ஒரே இடத்துக்குக் காட்டுங்கள். அமைக்கும்போது கவனிக்க வேண்டியவை:

முழு மரத்தையும் கொடுக்காதீர்கள். ஒரு ஃபோல்டரை மட்டும் கொடுங்கள். ஃபயர்ஃபாக்ஸில் டூல்பார், மெனு, அதர், மொபைல் என நான்கு வேர். குரோம் குடும்பத்தில் (எட்ஜும் இதில் சேர்த்தி) 'மெனு' என்ற வேரே இல்லை. பாரின் உள்ளே 'பொது' என்று ஒரு ஃபோல்டர் போட்டு, எல்லாவற்றையும் அதில் வைத்து அதை மட்டும் சிங்க் செய்தால் இந்தப் பொருத்தச் சிக்கலே எழாது.

முதல் ஓட்டத்தில் நிரம்பிய பிரவுசரிலிருந்து மேலே ஏற்றுங்கள். அது முடிந்த பிறகுதான் காலி ஃபோல்டருள்ள இரண்டாவது பிரவுசரை இணைக்க வேண்டும். இரண்டிலும் பட்டியல் இருக்கும்போது இணைத்தால் அது ஒன்றுசேர்க்க முயலும், பெயரில் ஓர் இடைவெளி மாறியிருந்தாலும் இரட்டை வரலாம்.

வெப்டாவில் வைத்தால் ஒரு சாதனம் எழுதும்போது பூட்டு ஃபைல் ஒன்றைப் போடும். நடுவில் லேப்டாப் தூங்கிவிட்டால் அந்தப் பூட்டு அப்படியே கிடக்கும், மற்ற சாதனம் காத்துக்கொண்டே நிற்கும். சிங்க் நின்றுவிட்டது என்று தோன்றினால் முதலில் அந்த ஃபோல்டரில் 'லாக்' என்று முடியும் ஃபைல் இருக்கிறதா பாருங்கள்.

#8 | பூச்சியம்

போனுக்கும் சொல்லிடுங்க. ஆண்ட்ராய்டு குரோம்ல நீட்சியே போட முடியாது. ஆண்ட்ராய்டு ஃபயர்ஃபாக்ஸ்ல நீட்சி போடலாம், ஆனா நீட்சி புக்மார்க்கைத் தொடுறதுக்கான வழி (ஏபிஐ) அதுல இல்ல. அதனால ரெண்டுலயும் ஃப்ளாக்கஸ் நீட்சி வேலைக்கு ஆகாது. தனி ஆப் இருக்கு. அது தன் பட்டியலைத் தானே வச்சுக்கும், தட்டினா பிரவுசர்ல திறக்கும், ஷேர் பட்டன் வழியா புதுசு சேர்க்கலாம். குரோமோட நட்சத்திரத்தை அழுத்திச் சேர்க்கிறது இதுக்குள்ள வராது. இந்த ஒரு பழக்கத்தை மாத்திக்க முடியலன்னா #7ல சொன்ன முதல் வழிக்குப் போயிடுங்க.

#9 | நள்ளிரவுக்கோடு

இழைக்குள் நுழைவதற்கு மன்னிக்கவும், தொடர்புடைய அவசரம். புதிய கணினியில் கூகுள் கணக்கில் நுழைந்தவுடன் பழைய கணினியின் குரோமில் புக்மார்க்குகள் பெரும்பாலும் காணாமல் போய்விட்டன. பழைய கணினி இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. மீட்க வழி உண்டா?

#10 | கட்டளைவரி

குரோமை மூடித் திறக்காதீர்கள். முதலில் நெட்டைத் துண்டியுங்கள், வைஃபையை அணைத்தால் போதும்.

குரோம் தன் புக்மார்க்குகளை 'புக்மார்க்ஸ்' என்ற ஒரே ஃபைலில் ஜேசன் என்ற உரை வடிவில் வைக்கிறது, ஃபைலுக்குப் பின்னொட்டு கிடையாது. பக்கத்திலேயே 'புக்மார்க்ஸ்.பேக்' என்று இன்னொன்று. குரோமைத் திறந்தபின் முதல் தடவையாக ஏதாவது மாற்றத்தைச் சேமிக்கும்போது, அதுவரை இருந்த ஃபைலை .பேக் ஆக நகலெடுத்துக்கொள்ளும். அந்த ஓட்டம் முடியும்வரை .பேக் மாறாது. ஆக இழப்பு நடந்த ஓட்டம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், பழைய நிலை அதில் பத்திரமாக இருக்க வாய்ப்பு அதிகம். மூடித் திறந்து ஒரு மாற்றம் சேமிக்கப்பட்டால் அதன் மேலேயே எழுதிவிடும்.

இடத்தைக் கண்டுபிடிக்க முகவரிப் பட்டையில் குரோம்://வெர்ஷன் பக்கத்தைத் திறந்து 'புரொஃபைல் பாத்' வரியைப் பாருங்கள். 'டீஃபால்ட்' என்றோ 'புரொஃபைல் 1' என்றோ முடியும். இதை ஊகிக்க வேண்டாம். 'எல்லாம் போச்சு' என்று வருபவர்களில் பலர் தவறான புரொஃபைலில் நிற்பவர்கள்தான். அந்த ஃபோல்டரிலிருந்து இரண்டு ஃபைலையும் டெஸ்க்டாப்புக்கு நகலெடுங்கள். .பேக் எவ்வளவு கேபி என்று பாருங்கள், மற்றதைவிடப் பெரிதாக இருந்தால் பிழைத்தீர்கள்.

இப்போதுதான் எல்லோரும் சறுக்கும் இடம். .பேக்கின் பெயரை மாற்றி நேராக இடத்தில் வைத்து, நெட்டோடு குரோமைத் திறப்பார்கள். புக்மார்க்குகள் வரும், சில நொடியில் மறுபடி மறையும். ஏனென்றால் சிங்க் எதுவரை வந்திருக்கிறது என்ற கணக்கும் அந்த ஃபைலுக்குள்ளேயே இருக்கிறது. 'நான் இதுவரை பார்த்திருக்கிறேன், அதற்குப் பின் என்ன நடந்தது' என்று சர்வரிடம் கேட்கும். சர்வர் 'இவையெல்லாம் அழிக்கப்பட்டன' என்று சொல்லும். அதுவும் பணிவாக அழித்துவிடும்.

ஆகவே: குரோமை முழுதாக மூடுங்கள். டாஸ்க் மேனேஜரில் குரோம் என்று ஒன்றும் மிச்சமிருக்கக் கூடாது, 'பின்னணியில் ஓடு' என்ற அமைப்பு ஆனில் இருந்தால் சாளரம் மூடியும் அது உயிரோடு இருக்கும். உயிரோடு இருக்கும்போது ஃபைலை மாற்றினால், நினைவகத்தில் இருப்பதை அதன் மேல் எழுதிவிடும். பிறகு .பேக்கின் நகலை 'புக்மார்க்ஸ்' என்று பெயர் மாற்றி வையுங்கள். நெட் இல்லாமலே குரோமைத் திறந்து எச்டிஎம்எல் எக்ஸ்போர்ட் செய்யுங்கள். ஃபைல் கையில் வந்த பிறகு நெட்டைப் போடுங்கள். மறைந்தால் மறையட்டும். சிங்க் ஓய்ந்தபின் அந்த எச்டிஎம்எல்லை இம்போர்ட் செய்தால், எல்லாம் புதிய அடையாளத்தோடு புதிதாகச் சேர்ந்தவையாகப் போகும், பழைய அழிப்புக் கட்டளை அவற்றைத் தொடாது.

#11 | நள்ளிரவுக்கோடு

.பேக் பெரிதாகத்தான் இருந்தது. எச்டிஎம்எல் எடுத்தாயிற்று. மிக்க நன்றி.

#12 | இழைநூல்

ஃபயர்ஃபாக்ஸில் இவ்வளவு பாடு இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். புரொஃபைலுக்குள் 'புக்மார்க்பேக்கப்ஸ்' என்ற ஃபோல்டரில் தானாகவே பிரதிகள் சேரும், இயல்பாகக் கடைசி 15 பிரதிகள். ஃபைல் பெயரிலேயே தேதியும், அடுத்து ஓர் எண்ணும் இருக்கும். அந்த எண் எத்தனை புக்மார்க் என்பது. வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தால் எந்த நாளில் எண்ணிக்கை சரிந்தது என்று திறக்காமலே தெரிந்துவிடும், அதற்கு முந்தையதை எடுத்தால் போதும்.

இவை மொஸில்லாவின் சொந்தத் தலைப்பு ஒட்டிய எல்இசட்4 சுருக்கம். சாதாரண எல்இசட்4 கருவி திறக்காது. லைப்ரரி சாளரத்தில் 'இம்போர்ட் அண்ட் பேக்கப்', 'ரீஸ்டோர்' வழியாகவே எடுங்கள். ரீஸ்டோர் என்றால் இருப்பது முழுக்கப் போய் அந்தப் பிரதி வரும். எச்டிஎம்எல் இம்போர்ட் என்றால் இருப்பதோடு சேரும். இரண்டும் ஒரே மெனுவில் அடுத்தடுத்து இருப்பதால் அவசரத்தில் மாற்றி அழுத்துகிறார்கள்.

லினக்ஸில் ஸ்நாப் பொதியாக வரும் ஃபயர்ஃபாக்ஸென்றால் புரொஃபைல் வழக்கமான இடத்தில் இருக்காது, ஸ்நாப் ஃபோல்டருக்குள் இருக்கும். அபவுட்:சப்போர்ட் பக்கத்தில் 'புரொஃபைல் டைரக்டரி' வரியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

#13 | மேகவாசி

இதெல்லாம் எதற்கு? புரொஃபைல் ஃபோல்டரையே டிராப்பாக்ஸில் வைத்து இரண்டு கணினியிலும் அங்கே லிங்க் கொடுத்தால் முடிந்தது.

#14 | கட்டளைவரி

முடிந்துதான் போகும்.

ஃபயர்ஃபாக்ஸின் புக்மார்க்குகள் 'பிளேசஸ்' என்ற எஸ்கியூலைட் தரவுத்தளத்தில், ஹிஸ்டரியோடு சேர்ந்து இருக்கின்றன. பிரவுசர் ஓடும்போது புதிய மாற்றங்கள் பக்கத்தில் 'வால்' (wal) என்று முடியும் ஃபைலில் எழுதப்பட்டு, பிறகுதான் உள்ளே சேரும். டிராப்பாக்ஸ் இரண்டையும் வெவ்வேறு நொடியில் எடுத்துப் போனால் மறுமுனையில் பொருந்தாத ஜோடி வந்து சேரும். இரண்டு கணினியும் ஒரே நேரத்தில் திறந்திருந்தால் தரவுத்தளமே சிதையலாம்.

குரோமின் ஒரே ஒரு 'புக்மார்க்ஸ்' ஃபைலுக்கு மட்டும் லிங்க் போடலாமே என்று அடுத்துத் தோன்றும். அதுவும் நிற்காது. குரோம் தற்காலிக ஃபைலில் எழுதி, அதைப் பழையதன் பெயருக்கு மாற்றும். முதல் சேமிப்பிலேயே உங்கள் லிங்க் போய் சாதாரண ஃபைல் வந்து உட்கார்ந்துவிடும். நீங்கள் சிங்க் ஆகிக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

#15 | தென்றல்77

மூன்று ஃபைலையும் ஃபயர்ஃபாக்ஸில் போட்டுவிட்டேன். இரட்டைகளைக் கண்ணால் பார்த்து எடுக்க முடியாத அளவு இருக்கிறது. எஸ்கியூஎல் ஓரளவு தெரியும், பிளேசஸ் ஃபைலிலேயே வினவலாமா?

#16 | இழைநூல்

வினவலாம், எழுதக் கூடாது. ஃபயர்ஃபாக்ஸை மூடிவிட்டு ஃபைலை நகலெடுத்து, நகலில் மட்டும் வேலை. புக்மார்க் அட்டவணையில் வகை 1 என்றால் முகவரி, 2 ஃபோல்டர், 3 பிரிகோடு. வகை 1 மட்டும் எடுத்து, முகவரி அட்டவணையைச் சுட்டும் எண்ணால் குழுவாக்கி, ஒன்றுக்கு மேல் வருவதைப் பட்டியலிடுங்கள்.

ஒரு பொறி: ஃபயர்ஃபாக்ஸ் டேக்குகளையும் அதே அட்டவணையில் புக்மார்க் வரிகளாகத்தான் வைக்கிறது. டேக் போட்ட ஒவ்வொன்றும் பொய் இரட்டையாகத் தெரியும். டேக் வேருக்குக் கீழே இருப்பவற்றை விலக்கிவிட்டு எண்ணுங்கள்.

அழிப்பதை லைப்ரரி சாளரத்தில்தான் செய்ய வேண்டும். தரவுத்தளத்தில் நேராக 'டெலீட்' போட்டால், சிங்க்குக்கு 'இது அழிந்தது' என்று சொல்லும் கணக்கு ஏறாது. அடுத்த முறை சர்வரிலிருந்து அது திரும்பி வரலாம்.

இந்த வினவல் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக உள்ளதை மட்டும் காட்டும். எச்டிடிபி, எச்டிடிபிஎஸ் வேறுபாடு, கடைசிச் சாய்கோடு, செய்திமடல்களிலிருந்து ஒட்டிக்கொண்டு வரும் யுடிஎம் வால் (எங்கிருந்து வந்தீர்கள் என்று கண்காணிக்க முகவரியின் கடைசியில் சேர்ப்பது), இவற்றை நீக்கிவிட்டு ஒப்பிட்டால் இன்னும் கிடைக்கும். '#'க்குப் பின்னால் வருவதை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு வெட்டாதீர்கள். சில தளங்களில் பக்கமே அதற்குப் பின்னால்தான் இருக்கிறது.

#17 | முனையம்

ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்களுக்கு: எச்டிஎம்எல்லில் தேதி 1970 தொடங்கி நொடிகளில். ஃபயர்ஃபாக்ஸ் உள்ளே அதே தொடக்கம், மைக்ரோநொடிகளில். குரோமின் ஜேசனில் 1601 ஜனவரி 1 தொடங்கி மைக்ரோநொடிகளில். குரோம் எண்ணைப் பத்து லட்சத்தால் வகுத்து 11644473600ஐக் கழித்தால் சாதாரண யூனிக்ஸ் நொடி. இதை விட்டுவிட்டால் புக்மார்க்கெல்லாம் பல நூற்றாண்டு தள்ளிப் போய் நிற்கும்.

#18 | வல்லினம்

தமிழ்த் தலைப்புள்ள புக்மார்க்கெல்லாம் கேள்விக்குறியாக வருகிறதே, அதற்கு?

#19 | கட்டளைவரி

பிரவுசர் எடுத்த எச்டிஎம்எல் யுடிஎஃப்8 குறியாக்கம்தான், அதில் பழுதில்லை. நடுவில் யாரோ பழைய எடிட்டரில் திறந்து ஆன்சியாகச் சேமித்திருப்பார்கள். அந்தக் குறியாக்கத்தில் தமிழுக்கு இடமில்லாததால் ஒவ்வொரு எழுத்தும் கேள்விக்குறியாக எழுதப்பட்டுவிட்டது. இதை எந்தக் கருவியாலும் திருப்ப முடியாது, மூலத்திலிருந்து மறுபடி எக்ஸ்போர்ட் செய்வதுதான் வழி. கேள்விக்குறியாக இல்லாமல் 'à®' போன்ற குப்பையாகத் தெரிந்தால் பயமில்லை. பைட்டுகள் பத்திரமாக உள்ளன, தவறாகப் படிக்கப்படுகின்றன. கேரக்டர் செட் யுடிஎஃப்8 என்று சொல்லும் மெட்டா வரி ஃபைலின் தலையில் இருக்கிறதா பாருங்கள்.

#20 | பூச்சியம்

தென்றல், ஃபயர்ஃபாக்ஸ் சிங்க்னு முடிவு பண்ணா ரெக்கவரி கீயை எடுத்து வச்சிடுங்க. தரவு உங்க கடவுச்சொல்லை வச்சுத்தான் பூட்டப்படுது, மொஸில்லாவால திறக்க முடியாது. கடவுச்சொல் மறந்து ரீசெட் பண்ணா, கீ இல்லன்னா சர்வர்ல இருக்கிறது போயிடும். ஏதாவது ஒரு சாதனத்துல பட்டியல் இருந்தா அதுவே திரும்ப ஏத்திடும். எல்லாச் சாதனமும் போயிட்டா ஒண்ணும் பண்ண முடியாது. பிரேவ் பிரவுசர்ல கணக்கே கிடையாது, சிங்க்குக்கு 25 சொல் கோடுதான். கடைசிச் சொல் காலாவதி ஆகுற சொல், அதனால பழைய தாள்ல எழுதி வச்ச 25ஐ அப்படியே அடிச்சா ஏத்துக்காது.

அலுவலக லேப்டாப்ல இன்னொண்ணு. எட்ஜ் அலுவலகக் கணக்குல இருந்தா அந்தப் பட்டியல் அந்தக் கணக்கோட போயிடும். சொந்தப் பட்டியலை அதுல தாய்ப்பட்டியலா வைக்காதீங்க. சில அலுவலகங்கள்ல சிங்க்கும் நீட்சியும் பாலிசியால பூட்டியிருப்பாங்க, 'நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது'ன்னு மெனு அடியில தெரியும். அப்படின்னா அங்க எச்டிஎம்எல் மட்டும்தான்.

#21 | தென்றல்77

மூன்றிலும் ஃபயர்ஃபாக்ஸ் என்று முடிவு செய்துவிட்டேன். ஒரே ஒரு சந்தேகம்: எட்ஜின் பாரில் ஜாவாஸ்கிரிப்ட் புக்மார்க்லெட்டுகள் (புக்மார்க்காக வைக்கும் குட்டி நிரல்கள்) சில உண்டு. அவை எச்டிஎம்எல்லில் வருமா? சிங்க் ஓடினால் தனியாக பேக்கப் வேண்டுமா?

#22 | முனையம்

புக்மார்க்லெட்டும் முகவரிதான், முழுதாக வரும். கணினி ஃபைலைச் சுட்டும் 'ஃபைல்' முகவரிகளும் வரும், ஆனால் லினக்ஸில் சி டிரைவ் கிடையாது என்பதால் திறக்காது. 'எட்ஜ்://' என்று தொடங்குபவற்றைப் போகும்முன்பே அழித்துவிடுங்கள்.

பேக்கப் கட்டாயம். சிங்க் நீங்கள் செய்யும் தவறையும் நொடியில் எல்லாச் சாதனத்துக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும். ஃபயர்ஃபாக்ஸின் தானியங்கிப் பிரதிகளும் அதே டிஸ்க்கில்தான் இருக்கின்றன. மாதம் ஒரு முறை ஜேசன் பேக்கப் ஒன்றும் எச்டிஎம்எல் ஒன்றும் எடுத்து வெளியே வையுங்கள். ஜேசன் ஃபயர்ஃபாக்ஸுக்கே திரும்ப, எச்டிஎம்எல் நாளை வேறு பிரவுசருக்குப் போக நேர்ந்தால். எக்ஸ்மார்க்ஸ் என்ற புக்மார்க் சிங்க் சேவை 2018 மே 1 அன்று மூடப்பட்டது, பக்கங்களைப் பிறகு படிக்கச் சேமிக்கும் பாக்கெட் 2025 ஜூலை 8 அன்று. கையில் எச்டிஎம்எல் வைத்திருந்தவர்களுக்கு அது இன்னொரு இம்போர்ட் வேலை, அவ்வளவுதான்.